பதறவைக்கும் எண்ணமா, ஆண்டவரின் ஏவுதலா? புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

விசுவாசத்துக்கு வந்த இரண்டாம் வருஷம். இரவு பதினொன்றரை மணி இருக்கும். தூக்கம் பிடிக்காமல் படுத்திருந்தபோது திடீரென்று ஓர் எண்ணம்: "அம்மாவுக்கு ஏதோ ஆகப்போகிறது. இப்போதே எழுந்து ஜெபி. மூன்று நாள் உபவாசம் இரு. இல்லாவிட்டால் அம்மாவின் இரத்தப்பழி உன்மேல்." இது கர்த்தருடைய சத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. அதில் வேதத்தின் சாயலும் இருந்தது. எசேக்கியேலில், எச்சரிக்காத காவற்காரனிடம் இரத்தப்பழி கேட்பேன் என்று வருமே, அந்தப் பகுதி. மூன்று நாளும் வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தேன். ஊரில் அம்மா நன்றாகத்தான் இருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நீ உபவாசம் இருந்ததால்தான் அம்மா பிழைத்தார்கள்" என்று அதே எண்ணம் திரும்பி வந்தது. அடுத்த மாதம் அண்ணனுக்காக ஒரு மூன்று நாள். பிறகு அண்ணன் குழந்தைக்காக. ஏதாவது நடந்தால் "எச்சரித்தேனே" என்கும். நடக்காவிட்டால் "ஜெபித்ததால் தப்பினார்கள்" என்கும். எப்படி விழுந்தாலும் அது சொன்னதே சரி. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வழி திறந்தது அந்தச் சொல்லில்தான். ஓரேப் மலையில் எலியாவுக்கு முன்னால் பெருங்காற்று வருகிறது, பூமி அதிர்கிறது, அக்கினி வருகிறது. அவை எதிலும் கர்த்தர் இல்லை. "அக்கினிக்குப்பின் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று" (1 இராஜாக்கள் 19:12). நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த 'அமர்' என்ற வேர் திரும்பத் திரும்ப வரும். மேய்ப்பர் கொண்டுபோய் விடுவது "அமர்ந்த தண்ணீர்கள்" அண்டையில். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்கிறது 46-ஆம் சங்கீதம். 131-ஆம் சங்கீதக்காரர் பால்மறந்த குழந்தையைப்போலத் தன் ஆத்துமாவை "அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறார். ஏசாயா 30:15-ல் "அமரிக்கையும் நம்பிக்கையுமே" நம் பெலன். இந்த வசனங்களை ஒரே நாளில் வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் எப்படிப் பேசுகிறவர் என்று ஒரு பழக்கம் காதுக்கு வரும்.

கவலை என்ற சொல்லும் யோசிக்கவைக்கிறது. சங்கப் பாடல்களில் கவலை என்றால் பாலை நிலத்தில் கிளை பிரியும் வழி. இதுவா அதுவா என்று தெரியாமல் வழிப்போக்கன் நின்றுவிடும் இடம். கவலைப்படும் மனசு அங்கேதான் நிற்கிறது, ஓர் அடியும் எடுத்து வைப்பதில்லை. ஏவுதல் வரும்போது எடுத்துவைக்க ஓர் அடி தெரியும்.

இனி, அப்படி ஓர் எண்ணம் வரும்போது என்ன செய்வது என்று பார்ப்போம்.

அந்த மணி நேரத்தில் ஒன்றும் முடிவெடுக்காதீர்கள்

அடுப்படியில் கேஸ் வாடை வந்தாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலோ உடனே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்; அதற்கு ஆவிக்குரிய பகுத்தறிவு தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு நாள் கொடுங்கள். வேலையை விட்டுவிடு, நிச்சயம் செய்த கல்யாணத்தை நிறுத்து, இருக்கிற பணத்தையெல்லாம் கொடுத்துவிடு என்பது போன்ற எண்ணங்களுக்கு ஒரு மாதமாவது கொடுங்கள்.

"ஆண்டவர் சொன்னால் உடனே கீழ்ப்படிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். பவுல் மக்கெதோனியாவுக்கு உடனே புறப்பட்டார். ஆனால் அப்போஸ்தலர் 16:10-ஐ நிதானமாக வாசியுங்கள். தரிசனம் கண்டது பவுல் ஒருவர். "கர்த்தர் எங்களை அழைத்தாரென்று நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று எழுதியிருக்கிறது. பல பேர் சேர்ந்து நிச்சயித்தார்கள், அதன் பிறகுதான் அந்த 'உடனே'. சொன்னது ஆண்டவர்தான் என்று தெரிந்தபின் தாமதிப்பது கீழ்ப்படியாமை. தெரியாமல் ஓடுவது பதற்றம். ஏசாயா 28:16 இதை இரண்டே சொல்லில் முடிக்கிறது: "விசுவாசிக்கிறவன் பதறான்."

ஆண்டவர் சொன்னது நாளைக்கும் இருக்கும். என் அனுபவத்தில் பயத்தால் வந்த எண்ணங்களில் பாதி, காலை வெளிச்சத்தில் இல்லாமலே போயிருக்கின்றன.

சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா

இதைச் சாதாரணக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டார். ஆண்டவர் உடனே அவரோடு விவாதிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று காரணமும் சொன்னான். மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்தபின். அந்த அடைக்கும் தண்ணீருக்கும் இத்தனை வசனங்கள் ஒதுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இங்கே கத்தோலிக்கப் பரிசுத்தவானான இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்கிறவள், ஆனாலும் இந்த விஷயத்தில் அவரைப்போல எனக்கு உதவியவர்கள் குறைவு. ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலாவில் தன் வீட்டில் மாதக்கணக்காகப் படுத்திருந்தார். அங்கே வாசிக்கக் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் பரிசுத்தவான்களின் கதைகளும்தான். வீரசாகசங்களைப் பற்றிக் கனவு காணும்போது அந்த நேரம் இனித்தது, பிறகு மனசு வறண்டுபோனது. வெறுங்காலோடு எருசலேமுக்குப் போவதைப் பற்றி நினைத்தபோதும் இனித்தது. நினைத்து முடித்த பிறகும் அந்தச் சந்தோஷம் தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்து தொடங்கியதுதான் அவர் எழுதிய பகுத்தறியும் விதிகள். 1548-ல் அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளுக்குப் போப்பின் அங்கீகாரம் கிடைத்தது. நம் அருளானந்தரும் வீரமாமுனிவரும் அவர் நிறுவிய இயேசு சபையில் வளர்ந்தவர்கள்தான்.

அவரிடமிருந்து இரவு எண்ணங்களைப் பற்றி ஒன்று கற்றேன். மன்றேசா என்ற ஊரில் அவர் தங்கியிருந்தபோது, படுக்கப்போகும் நேரத்தில் பெரிய பெரிய ஆவிக்குரிய வெளிப்பாடுகளும் ஆறுதல்களும் வரும். தூங்குவதற்கென்று வைத்திருந்த கொஞ்ச நேரமும் போய்விடும். ஜெபத்துக்கென்று பகலில் இத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோமே, தூக்கத்தை ஏன் இது பறிக்கிறது என்று யோசித்து, அவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தூங்கினார். பிறகு பார்சலோனாவில் லத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தபோதும் இதே கதை. மனப்பாடம் செய்ய விடாமல் தியான எண்ணங்கள் வந்து குவிந்தன. ஜெபத்தில்கூட இப்படி வருவதில்லையே என்று கவனித்து, அதைச் சோதனை என்று கண்டுகொண்டார். எண்ணம் எவ்வளவு பரிசுத்தமாகத் தெரிந்தாலும் அது எந்த நேரத்தில் வருகிறது, எதைப் பறிக்கிறது என்று பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் வருகிற எதையும் நான் இப்போது நோட்டில் குறித்துவைத்துவிட்டுக் காலையில்தான் வாசிக்கிறேன்.

ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வந்த எண்ணத்தை வந்தபடியே எழுதுங்கள். கவலை பெரும்பாலும் 'ஆகிவிடுமோ' என்று முடியும். "பஸ் கவிழ்ந்துவிடுமோ", "அவர் என்னை வெறுத்துவிட்டாரோ", "நான் இரட்சிக்கப்படவே இல்லையோ". அதில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, அல்லது செய்யவே முடியாத அளவுக்கு இருக்கும். ஏவுதல் பெரும்பாலும் சின்னதாக, இன்னாரிடம் இன்னது செய் என்று இருக்கும். "அத்தைக்குப் போன் பண்ணு" என்பது ஒரு வகை. "அத்தைக்கு என்னமோ ஆகிவிட்டது" என்பது வேறு வகை. இரண்டாவது வந்தாலும் முதலாவதைச் செய்யலாம், தப்பில்லை. ஒரு தடவை போன் பண்ணுங்கள். அத்தை நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன பிறகும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிடச் சொன்னால், அங்கே பேசுவது பயம்.

மிரட்டுகிறதா என்று பாருங்கள்

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாவத்தை உணர்த்துவது பரிசுத்த ஆவியானவரின் வேலை. அது சுகமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, வலிக்கும். ஆனால் அவர் உணர்த்தும்போது பாவத்துக்குப் பெயர் இருக்கும். "நேற்று மாமியாரிடம் பேசிய அந்த வார்த்தை", "கணக்கில் மறைத்த அந்த இரண்டாயிரம் ரூபாய்". செய்ய வேண்டியதும் தெரியும்: மன்னிப்புக் கேள், திருப்பிக் கொடு. செய்து முடித்தால் அந்த விஷயம் முடிந்துவிடும். குற்றஞ்சாட்டும் சத்தத்துக்குப் பெயரும் கிடையாது, முடிவும் கிடையாது. "நீ சரியில்லை", "உன்னிடம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை" என்று பொதுவாகவே பேசும். அறிக்கை செய்தாலும், "சரியாகச் செய்யவில்லை, இன்னொரு தரம் செய்" என்கும். பவுல் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது (2 கொரிந்தியர் 7:10). இயேசு பிடிபட்டபின், காட்டிக்கொடுத்த யூதாசும் மறுதலித்த பேதுருவும் துக்கப்பட்டார்கள். பேதுருவின் துக்கம் அவரைக் கடற்கரையில் இயேசுவிடம் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே மீனும் அப்பமும் சுட்டுவைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

இஞ்ஞாசியாரும் மன்றேசாவில் இதில் சிக்கினார். பழைய பாவங்களை அறிக்கை செய்து முடித்தபின்னும், ஏதோ விட்டுப்போயிற்று என்று திரும்பத் திரும்ப அறிக்கை செய்தார். வேதனை தாங்காமல் அறையிலிருந்த பள்ளத்தில் குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு வாரம் உண்ணாமல் இருந்து பார்த்தார். சாப்பிடும்படி அவருடைய குருவானவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த எண்ணம் என்னை எங்கே கொண்டுபோகிறது என்று அதன் தடத்தைப் பின்னோக்கிப் பார்த்தபோது அவருக்குத் தெளிவு வந்தது. பழையதை இனி அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானித்தார். உபவாசத்தில் விழுந்து கிடந்த எனக்கு இதை வாசித்தபோது யாரோ கையைப் பிடித்தது போலிருந்தது.

நீங்களும் உங்கள் எண்ணத்தின் தடத்தைப் பாருங்கள். அது சொன்னபடி மூன்று முறை செய்திருக்கிறீர்களா? அதற்குப் பிறகு அன்பு கூடியிருக்கிறதா, வேதத்தின் மேல் பசி கூடியிருக்கிறதா, வீட்டில் இருப்பவர்களிடம் பொறுமை கூடியிருக்கிறதா? ஜெபிக்கவே பயம் வந்திருந்தால் அது நெரிந்த நாணலை முறிக்காதவருடைய வேலையாக இருக்க முடியாது.

வசனம் கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆண்டவருடைய பதிலாக எடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. புது வருஷ ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லமாட்டேன்; என் வீட்டுச் சுவரிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் இருக்கும்போது இப்படித் திறந்தால் சாபப் பகுதிதான் கண்ணில் படும். ஆசையில் இருக்கும்போது திறந்தால் ஆசீர்வாதப் பகுதி. தேவாலயத்து உப்பரிகையில் சாத்தானும் 91-ஆம் சங்கீதத்தைச் சொன்னான். இயேசு இன்னொரு வசனத்தைக் கொண்டு அதற்குப் பதில் சொன்னார். வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசியுங்கள். ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை மெதுவாக வாசித்து வந்தால், இது அவர் பேசுகிற விதமா இல்லையா என்று நாளடைவில் தெரிய ஆரம்பிக்கும். ஆடுகள் மேய்ப்பனின் சத்தத்தை ஒரே நாளில் பழகுவதில்லை.

ஒருவரிடம் சொல்லுங்கள்

சாமுவேலை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டும், அவன் மூன்று தடவையும் ஏலியிடம்தான் ஓடினான். ஏலி குறையுள்ள மனிதர், தன் மக்களைக்கூட அடக்காதவர். ஆனாலும் கூப்பிடுகிறவர் யார் என்று அவருக்குத்தான் விளங்கிற்று. உங்களைவிடச் சில வருஷம் முன்னால் நடக்கிற ஒருவர் போதும். சபைப் போதகராக இருக்கலாம், பெண்கள் ஐக்கியத்தில் ஒரு மூத்த அக்காவாக இருக்கலாம். எதைச் சொன்னாலும் "ஆமா, ஆண்டவர்தான்" என்கிறவரையும், எதைச் சொன்னாலும் பிசாசு என்கிறவரையும் தவிருங்கள். கேள்வி கேட்கிறவரைத் தேடுங்கள். "யாரிடமும் சொல்லாதே, அவர்களுக்குப் புரியாது" என்று ஓர் எண்ணம் அடம்பிடித்தால், அதையே முதலில் சொல்லுங்கள்.

கூட்டங்களில் யாராவது உங்கள் தலைமேல் கைவைத்துத் தீர்க்கதரிசனம் சொன்னாலும் இதே வழிதான். "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்பது வேதத்தின் கட்டளை (1 கொரிந்தியர் 14:29). முக்கியமாகக் கல்யாண விஷயத்தில். இன்னாரை நீ கட்ட வேண்டும் என்று ஆண்டவர் எனக்குக் காட்டினார் என்று யார் சொன்னாலும், உங்களிடமும் அவரால் பேச முடியும் என்பதை மறக்காதீர்கள்.

நிம்மதியும் ஏமாற்றும்

'மனசில் சமாதானம் இருக்கிறதா' என்ற ஒரே கேள்வியை வைத்து எல்லாவற்றையும் அளக்கக் கூடாது. ஆண்டவருடைய முகத்தை விட்டு ஓடிய யோனா, புயலில் கப்பல் உடையும் நேரத்தில் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்தின் நடுவில் நின்ற இயேசுவோ கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். இஞ்ஞாசியார் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: நாளுக்கு நாள் நல்ல வழியில் முன்னேறுகிறவரை நல்ல ஆவி தொடுவது கடற்பஞ்சில் தண்ணீர்த்துளி இறங்குவது போல இருக்கும், கெட்ட ஆவி தொடுவது கல்லில் தண்ணீர் விழுந்து தெறிப்பது போல. கீழ்நோக்கிப் போகிறவருக்கு இது தலைகீழ். அவரைக் குத்தி உறுத்துவது நல்ல ஆவி, தட்டிக்கொடுப்பது மற்றது. ஆகையால் எண்ணத்தைச் சோதிக்கும் முன் நீங்கள் எந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நேர்மையாகப் பாருங்கள். கெத்செமனேயிலும் மிரட்டல் இல்லை என்பதைக் கவனியுங்கள். துக்கம் இருந்தது, வியர்வை இருந்தது. "அப்பா பிதாவே" என்று கூப்பிடும் உறவும் இருந்தது.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

ஜெபிக்க முழங்கால் போட்டால் ஆண்டவரைத் தூஷிக்கும் அருவருப்பான எண்ணங்கள் வருகின்றன, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்று பயமாக இருக்கிறது என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. மாற்கு 3-ல் இயேசு எச்சரித்தது, அவர் செய்த நன்மையைக் கண்ணால் கண்டும் பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் வேலை என்று துணிந்து சொன்னவர்களை. வேண்டாத எண்ணம் வந்துவிட்டதே என்று நடுங்குகிறவரை அல்ல. வேண்டாமென்றாலும் வந்துகொண்டே இருக்கும் எண்ணங்கள், அதைச் சரிக்கட்டத் திரும்பத் திரும்பச் செய்யும் ஜெபம், அறிக்கை, கைகழுவுதல், சரிபார்த்தல் எல்லாம் ஓ.சி.டி. என்ற நோயாக இருக்கலாம். பக்தியின் வேஷத்திலும் அது வரும். மருந்து உண்டு, பயம் வந்தாலும் அந்தச் சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. நான் ஆலோசகர் ஒருவரிடம் எட்டு மாதம் போனேன். இதைச் சபையில் சொல்ல முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.

வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தால், காதில் குரல் கேட்டு அது உங்களையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றினால், பகுத்தறிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்; வீட்டில் ஒருவரிடம் சொல்லி அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இரவும் பகலும், தமிழிலும் பேசலாம். விசுவாசத்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் நிறுத்தாதீர்கள்.

சின்னதாகக் கீழ்ப்படிந்து பாருங்கள்

இத்தனையும் பார்த்த பிறகு ஏவுதல் என்று தோன்றினால், திருப்பிக்கொள்ளக்கூடிய அளவில் ஓர் அடி எடுத்து வையுங்கள். ஊழியத்துக்குப் போகச் சொல்கிறார் என்று தோன்றினால் ராஜினாமா கடிதத்துக்கு முன் ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்து நடத்துங்கள். தவறாக எடுத்துக்கொண்டாலும் பயப்பட வேண்டாம். பித்தினியாவுக்குப் போகப் புறப்பட்ட பவுலையே ஆவியானவர் பாதியில் தடுத்து வேறு பக்கம் அனுப்பினார், தண்டிக்கவில்லை.

மாதம் ஒருமுறை நோட்டைத் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். என் முதல் நோட்டில் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதிய ஆபத்துகளில் ஒன்றும் நடக்கவில்லை. அதே நோட்டில், பால் கணக்குக்குக் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கிறது: "எதிர்வீட்டு அக்காவைப் போய்ப் பார்க்கணும்." பாத்திரம் கழுவும்போது தோன்றியது. நான்கு நாளில் மூன்று தடவை தோன்றிற்று, போகாவிட்டால் என்ன ஆகும் என்ற பேச்சே அதில் இல்லை. ஐந்தாம் நாள் போனேன். கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வந்து போகிறவர்கள் எல்லாரும் நின்றுவிட்டிருந்தார்கள். அக்கா டீ போட்டார்கள். குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.